கதவில் கிடைத்த இடம்

வாஷிங்டனில் உனக்குப் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால் வெள்ளை மாளிகையைச் சொல்ல மாட்டேன். லிங்கன் நினைவகத்தையும் சொல்ல மாட்டேன். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கிழக்கே, முதல் தெருவைத் தாண்டியதும் நிற்கிற காங்கிரஸ் நூலகத்தின் மேற்குப் படிக்கட்டைத்தான் சொல்வேன். கீழே நெப்டியூன் நீரூற்று. கடல் தேவனும் அவன் பரிவாரமும் வெண்கலத்தில். இருபுறமும் அகன்ற கல்படிகள். ஏறி முடித்தால் மூன்று வளைவுகள், வளைவுக்கு ஒன்றாக மூன்று வெண்கலக் கதவுகள். அந்தக் கதவுகளுக்கு முன்னால் இருக்கும் தளத்தில் கழிந்த சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்டூகே ஒய்டூகே என்று உலகமே அலறிக்கொண்டிருந்த சமயத்தில், கம்ப்யூட்டர் வேலைக்காக விமானம் ஏறிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஜாகை மேரிலாந்தில், சில்வர் ஸ்பிரிங்கில். கோபால் மொழியில் எவரோ எப்போதோ எழுதிவைத்த பழைய புரோகிராம்களில் வருஷத்தின் இரண்டு இலக்கத்தை நான்காக்குவதுதான் வேலை. வாரம் முழுக்க அதைச் செய்தவனுக்குச் சனிக்கிழமை வந்தால் தமிழில் எதையாவது படித்தாக வேண்டும். சிவப்பு லைன் ரயிலில் ஏறி, மெட்ரோ சென்டரில் வண்டி மாறி, கேபிடல் சவுத்தில் இறங்கி நடப்பேன்.

அந்த நூலகத்தில் படிக்க அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து மேடிசன் கட்டடத்தில் அடையாளச் சீட்டைக் காட்டி, ஒரு போட்டோவுக்கு முகம் காட்டினால் வாசகர் அட்டை கொடுத்துவிடுவார்கள். காசு கிடையாது. ஆசிய வாசிப்பறையில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரும் புத்தகத்தைப் பார்த்தால் கண் விரியும். நம் ஊரில் பழைய புத்தகக் கடைக்காரரே கைவிரித்துவிடக்கூடிய, சின்ன அச்சகத்தில் அச்சான கவிதைத் தொகுதி ஒன்று, கெட்டி அட்டை போட்டு, முத்திரை குத்தி, கசங்காமல் வந்து நிற்கும். பின்னட்டையில் விலை ரூபாயில் இருக்கும்.

அந்த ரூபாய்க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நாம் சாப்பிட்ட அமெரிக்கக் கோதுமை நினைவிருக்கும். பி.எல். 480 என்ற 1954-ஆம் வருஷச் சட்டத்தின்படி வந்தது. விலையை டாலரில் கொடுக்க நம்மிடம் வசதியில்லாததால் ரூபாயில் கொடுத்தோம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே தேங்கிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியை எடுத்து இந்தியப் புத்தகங்களை வாங்கலாம் என்று பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 1962-லிருந்து காங்கிரஸ் நூலகத்தின் டில்லி அலுவலகம் அந்தக் காரியத்தைச் செய்தது. தமிழ், தெலுங்கு, வங்காளம் என்று எல்லா மொழியிலும் வாங்கி, தனக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் கப்பலேற்றியது. ரேஷன் கடையில் அம்மா வரிசையில் நின்று வாங்கிய கோதுமைக்கு ஈடாகத்தான் அந்தக் கவிதைத் தொகுதி அங்கே போயிருக்கிறது.

நான் உள்ளே போனது வந்தது எல்லாம் கீழ்த்தள வாசல் வழியாக. மேலே படியேறுவது கதவுகளுக்காக மட்டும். மதியம் வாசிப்பறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் மேலே போய் உட்கார்ந்துவிடுவேன். எதிரே நாடாளுமன்றத்தின் வெள்ளைக் கவிமாடம். முதுகுக்குப் பின்னால் கதவுகள்.

இந்தக் கட்டடம் பொதுமக்களுக்குத் திறந்தது 1897 நவம்பர் 1-ஆம் தேதி. நம்முடைய கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு வயசு இளையது. இப்போது ஜெபர்சன் கட்டடம் என்று பெயர். 1814-இல் ஆங்கிலேயப் படை நாடாளுமன்றத்தைக் கொளுத்தியபோது பழைய நூலகமும் எரிந்துபோயிற்று. மறு வருஷம் தாமஸ் ஜெபர்சன் தன் சொந்தப் புத்தகங்கள் 6,487-ஐ 23,950 டாலருக்கு அரசுக்கு விற்றார். அதிலிருந்து மறுபடி வளர்ந்தது இது. எரிந்து மீண்ட வீடு என்பதாலோ என்னவோ, ஒரு விஷயம் எப்படி அழியாமல் கைமாறுகிறது என்பதையே வாசல் கதவுகளில் வடித்துவிட்டார்கள்.

இடப்பக்கக் கதவின் பொருள் மரபு, அதாவது வாய்மொழி. வலப்பக்கக் கதவு எழுத்து. நடுக்கதவு அச்சு. காலவரிசைப்படி பார்க்க வேண்டுமென்றால் இடது, வலது, கடைசியில் நடு என்று நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு கதவும் மேலே உள்ள அரைவட்டச் சிற்பத்தையும் சேர்த்து 14 அடி உயரம். எடை மூன்றரை டன். கீழே இரண்டு கதவுப் பலகைகள், பலகைக்கு ஒரு பெண்ணுருவம்.

மரபுக் கதவைச் செய்தவர் ஓலின் வார்னர். எழுத்துக் கதவையும் அவரே தொடங்கினார். 1896 ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் மேல் குதிரை வண்டி மோதி, அந்தக் காயத்தில் இறந்துபோனார். பாதியில் நின்ற கதவை ஹெர்பர்ட் ஆடம்ஸ் முடித்துக் கொடுத்தார். நடுக்கதவு பிரெடரிக் மக்மொனிஸ் செய்தது. ஞானத்தின் தேவதை மினர்வா அச்சிட்ட புத்தகங்களை உலகத்துக்கு வழங்குகிறாள். சிறகு முளைத்த சிறுவர்கள் சுமந்துகொண்டு கிளம்புகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நான் போய் நிற்பது எப்போதும் இடப்பக்கக் கதவின் முன்தான். ஏன் என்பதை என் மாமாவோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். 2001 கோடையில், நியூ ஜெர்சியில் இருந்த மகளைப் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டிலும் வந்து தங்கினார். விமானக் காட்சியகம், நினைவுத் தூண் என்று எங்கே கூட்டிப் போனாலும் ‘சரி, பாத்தாச்சு’ என்று அடுத்த நிமிஷமே நிழலைத் தேடுவார். உலோகம் என்றால் மட்டும் கால் நின்றுவிடும். அதனால் இங்கே கூட்டி வந்தேன்.

“என்னடா மாப்ளே, கதவெல்லாம் சாத்தியே கெடக்கு. உள்ள எப்படிப் போறது?”

“வழி கீழ இருக்கு மாமா. கதவைப் பாக்கத்தான் மேல வந்தோம்.”

அவர் கிட்டத்தில் போனார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கதவின் ஓரத்துப் பூவேலையை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, விரல் முட்டியால் மெதுவாக ஒரு தட்டு. காதைக் கொடுத்துக் கேட்டார். இன்னோர் இடத்தில் இன்னொரு தட்டு.

“கனமா வார்க்கலை. உள்ள கூடு. நம்ம சாமிமலையா இருந்தா ரொப்பிடுவான்.”

சுவாமிமலை ஸ்தபதிகளுக்குச் செம்பும் ஈயமும் கொடுத்து வாங்கிப் பழகியவர் அவர். அங்கே வேலை எப்படி நடக்கும் என்று அந்தத் தளத்திலேயே எனக்குப் பாடம் ஆரம்பமாகிவிட்டது. தென்னங்கீற்றில் ஒரு கீற்றைக் கிழித்து, அதை மடித்து மடித்துத் தாள அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி, அதில் உருவத்தைப் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுவார்கள். அந்த வண்டல் முகத்தின் ஒவ்வொரு ரேகையையும் வாங்கிக்கொள்ளும். காய்ந்ததும் சூடு காட்டி மெழுகை ஓடவிட்டு, காலியான இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறினதும் மண்ணை உடைத்தால் சாமி. “அச்சு உடைஞ்சாத்தான் மாப்ளே உருவம். அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கெடையாது.” இத்தனை பெரிய கதவைக் கனமாக வார்த்தால் எந்தக் கீலும் தாங்காது என்பதையும் அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகுதான் உருவங்களுக்கு வந்தார். “ரெண்டு பக்கமும் பொம்பளைங்களா? துவாரபாலகி மாதிரியா?”

பார்க்கப்போனால் அப்படித்தான். மரபுக் கதவில் ஒருத்தி கையில் யாழ். அவள் கற்பனை. மற்றவள் நினைவு. அவள் கையில் ஓர் ஆணின் தலைக்கவசமும் வாளும். போரில் மாண்ட கணவனுடையவை. வாய்மொழி மரபு என்ற கதவுக்கு இந்த இரண்டு பேர்தான் காவல். எத்தனையோ தத்துவப் புத்தகங்கள் நீட்டி முழக்குவதை வார்னர் இரண்டு பெண்களை வைத்துச் சொல்லிவிட்டார். நினைவு மட்டும் இருந்தால் அது ஒப்பாரியோடு நின்றுவிடும். கற்பனை மட்டும் இருந்தால் வெறும் பாட்டாகிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் கதை பேரன் காதுக்குப் போகும். நடுகல் நட்ட ஊரிலிருந்து வந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மாமா அந்தத் தலைக்கவசத்தைப் பிடித்திருக்கும் விரல்களைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “விரல்ல பலம் இருக்கு பார். இவ பொருளைப் புடிச்சிருக்கலை, ஆளைப் புடிச்சிருக்கா” என்றார்.

மேலே அரைவட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கதை சொல்கிறாள். அருகில் ஒரு பையன். அவளைச் சுற்றி, எழுத்தில்லாமல் நாவினாலேயே வரலாற்றைக் காப்பாற்றிய நான்கு கூட்டத்தாருக்கு ஆளுக்கொருவர்: கற்கோடரியோடு ஆதி மனிதன், வடதேசத்துக் கடலோடி, ஆடு மேய்ப்பவன், அமெரிக்கப் பூர்வகுடி ஒருவர்.

“இவரு மொகம் மட்டும் தனியா இருக்கே. நெசமா இருக்கிற ஆளைப் பாத்துச் செஞ்ச மாதிரி இருக்கு.”

உலோகம் பார்த்த கண் தப்பாது. அது நிஜ ஆள்தான். கட்டடம் திறந்த 1897-லேயே வெளிவந்த கையேடு ஒன்றில் நான் அதைப் படித்திருந்தேன். அந்த முகம் நெஸ் பெர்ஸ் இனத்தின் தலைவர் ஜோசப்புடையது. 1889-இல் வார்னர் வடமேற்குப் பக்கம் போனபோது அவரை நேரில் பார்த்து வரைந்து வைத்திருந்தார்.

ஜோசப்பின் கதையை மாமாவுக்குச் சொன்னேன். ஆரிகன் மாநிலத்தில் வலோவா பள்ளத்தாக்கு அவர்களுடைய பூமி. குடியேறிகளுக்காக அதைக் காலி செய்யச் சொன்னது அரசு. 1877-இல் பெண்டு பிள்ளைகளோடு ஓட வேண்டி வந்தது. பின்னால் ராணுவம். ஆயிரம் மைலுக்கு மேல் மலையும் ஆறும் கடந்து, கனடா எல்லைக்குச் சுமார் 40 மைல் இருக்கையில், மொன்டானா குளிரில் அக்டோபர் 5-ஆம் தேதி சரணடைந்தார். ஊருக்குத் திரும்பலாம் என்ற வாக்கை நம்பித்தான் துப்பாக்கியைக் கொடுத்தார். அனுப்பியதோ தெற்கே, இன்றைய ஓக்லஹோமா பக்கம். அங்கே காய்ச்சலில் பிள்ளைகள் செத்தன. 1885-இல் வடமேற்குக்குத் திரும்ப அனுமதித்தபோதும் சொந்தப் பள்ளத்தாக்கைக் கொடுக்கவில்லை. வாஷிங்டனுக்கு வந்து நேரில் கேட்டார். இந்தக் கட்டடம் திறந்த 1897-லும் வந்து கேட்டார். 1904-இல் அயலூரிலேயே கண்ணை மூடினார்.

“அப்ப ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை?”

“போய்ப் பாத்துட்டு வந்தாரு மாமா. இருக்க விடலை.”

மாமா தலையைத் திருப்பி எதிரே இருந்த நாடாளுமன்றத்தைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார். “கதவுல எடம் குடுத்திருக்கான். மண்ணுல குடுக்கலை” என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு, நாடாளுமன்றமும் நூலகமும் நிற்கும் அந்தக் குன்றில் எந்தக் கதவைப் பார்த்தாலும், யாருக்கு இங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றே பார்க்கத் தோன்றியது. கூப்பிடு தூரத்தில் வெண்கலக் கதவுகளுக்குப் பஞ்சமே இல்லை. நாடாளுமன்றத்தின் கிழக்கு நடுவாசலில் ராண்டால்ஃப் ரோஜர்ஸ் வடித்து மியூனிக்கில் வார்த்த கொலம்பஸ் கதவுகள். கொலம்பஸின் வாழ்க்கையைக் கட்டம் கட்டமாகச் சொல்பவை. வடக்கே உச்ச நீதிமன்றத்தில் 13 டன் எடையுள்ள கதவுகள். சட்டம் வளர்ந்த கதை எட்டுக் கட்டங்களில். வந்தவருக்கு ஒரு கதவு, சட்டத்துக்கு ஒரு கதவு. முன்பே இருந்தவருக்கு நூலகக் கதவின் மேல்மூலையில் ஒரு முகம்.

அன்றைக்கு வலப்பக்கக் கதவையும் பார்த்தோம். அங்கே கண்ணாடி ஏந்திய உண்மையும் தீவட்டி ஏந்திய ஆராய்ச்சியும் காவல். மேலே, எழுத்தால் உலகத்தை மாற்றியவர்கள் என்று எகிப்தியர், யூதர், கிரேக்கர், கிறிஸ்தவர் ஆகிய நால்வர். மாமா விரலை விட்டு எண்ணினார்.

“நம்மாளு ஒருத்தரையும் காணோமே.”

“பின்னாடி கட்டடத்துல இருக்காரு, வாங்க” என்று கூட்டிப் போனேன்.

இரண்டாம் தெருவைத் தாண்டினால் நூலகத்தின் அடுத்த கட்டடம். ஜான் ஆடம்ஸ் பெயரில் இருக்கிறது. 1939 ஜனவரியில் திறந்தது. ஜெபர்சன் கட்டடத்தில் இருக்கும் ஆடம்பரம் இங்கே இல்லை. வெள்ளைச் சலவைக்கல், நேர்கோடுகள், அவ்வளவுதான். ஆனால் கதவுகள் லீ லாரி செய்தவை. நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தின் வாசலில் உலகத்தைத் தோளில் தூக்கி நிற்கிறதே அட்லஸ் சிலை, அந்தக் கை. இரண்டாம் தெரு வாசலிலும் மூன்றாம் தெரு வாசலிலும், எழுத்தை மனிதர்களுக்குக் கொடுத்தவர்கள் என்று பன்னிரண்டு பேரை வெண்கலத்தில் நிறுத்தியிருக்கிறார். எகிப்தின் தோத், பாபிலோன் பக்கத்து நபு, சீனத்து ஸாங் ஜியே, கிரேக்கத்து ஹெர்மஸும் காட்மஸும், பாரசீகத்துத் தஹ்முராத், வடதேசத்து ஓடின், அயர்லாந்தின் ஓக்மா, மாயா மக்களின் இட்சம்னா, ஆஸ்டெக் மக்களின் கெட்சல்கோவாட்டில். அவர்களோடு நம் பிரம்மா.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இவரு தலையில எழுதுறவருன்னு தெரியும். கதவுல வந்து நிப்பாருன்னு தெரியாது!” நான் வழக்கமான பாட்டைப் பாடினேன்: ஊரில் கோயில் இல்லாத சாமிக்கு இங்கே வாசலாவது கிடைத்ததே என்று. அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “யாருடா சொன்னது கோயில் இல்லைன்னு? கும்பகோணத்துல பிரம்மன் கோயில் இல்லையா? சரஸ்வதியும் காயத்ரியும் பக்கத்துல நிக்க, நின்ன கோலத்துல இருக்காரு. அங்க வராத நீ இங்க வந்து பேசுற.” வாஸ்தவம்தான். கும்பகோணத்துக்காரரிடம் கோயில் கணக்கில் வாயைக் கொடுக்கக் கூடாது.

பன்னிரண்டாவது ஆளைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். மற்றவர்கள் எல்லாம் தெய்வங்கள், புராண புருஷர்கள். இவர் ஒருவர்தான் சரித்திரத்தில் ரத்தமும் சதையுமாக நடமாடியவர். செரோக்கி இனத்துச் செக்வோயா. வெள்ளிப் பட்டறை வேலை தெரிந்தவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. காகிதத்தில் கீறிய கோடுகள் பேசுவதை வெள்ளைக்காரர்களிடம் பார்த்துவிட்டு, தன் பாஷைக்கும் அதைச் செய்ய முடியும் என்று உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் கிறுக்கு என்று ஊர் பேசியது. 1821-இல் முடித்துக் காட்டினார். அசைக்கு ஓர் எழுத்தாக, நம் உயிர்மெய் போல. இன்று வழக்கில் உள்ளவை 85. சில வருஷங்களிலேயே செரோக்கிகள் பெரும்பாலும் படிக்கத் தெரிந்தவர்களானார்கள். 1828-இல் அந்த எழுத்தில் செரோக்கி பீனிக்ஸ் என்று பத்திரிகையே வந்தது.

இரண்டே வருஷத்தில், 1830-இல், பூர்வகுடிகளைத் துரத்தும் இந்தியர் வெளியேற்றச் சட்டம் இதே குன்றின் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1835-இல் ஜார்ஜியாவின் படையாட்கள் அந்தப் பத்திரிகையின் அச்சுப் பொறியைப் பறித்துக்கொண்டு போனார்கள். 1838-இல் செரோக்கிகளைச் சொந்த ஊரிலிருந்து மேற்கே நடத்தியே துரத்தினார்கள். வழியில் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்கு. கண்ணீர்த் தடம் என்று அதற்குப் பெயர்.

செக்வோயா நிற்கும் கதவுக்கு இருபுறமும் உள்ள வெள்ளைச் சலவைக்கல் ஜார்ஜியாவிலிருந்து வெட்டி வந்தது. அந்த மாநிலத்தின் வடபகுதி முழுக்க ஒரு காலத்தில் செரோக்கிகளின் மண். எழுத்து கண்டுபிடித்தவருக்குக் கதவில் இடம், அவர் ஜனங்களின் மண்ணிலிருந்து வெட்டிய கல் சுவருக்கு. இதைத் திட்டமிட்டு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மாமா சொன்னது இங்கேயும் அச்சு அசலாகப் பொருந்தியது.

ஆனால் அதற்காக இந்தக் கதவுகளை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அரசு ஒரு கதவை வார்க்கும்போது சிற்பியின் கையில் கொஞ்சம் சுதந்திரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. வார்னர் நினைத்திருந்தால் பொத்தாம்பொதுவாக ஒரு முகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கூலியில் குறைந்திருக்காது. அவர் ஜோசப்பை வைத்தார். ஜோசப் உயிரோடு இருக்கும்போதே, மனுவோடு வாசல் வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதே வைத்தார். சட்டப் புத்தகம் உள்ளே ஒன்றைச் சொல்ல, வாசல் கதவு வேறொன்றைச் சொல்கிறது. நூறு வருஷம் கழித்து வந்த கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரர் ஒருவர் அந்த முகத்தைக் காட்டி இவர் யார் என்று கேட்கிறார் என்றால், சிற்பி ஜெயித்துவிட்டார் என்றே அர்த்தம்.

அந்தக் கோடை போய்ச் செப்டம்பர் வந்தது. அந்த 11-ஆம் தேதிக்குப் பிறகு குன்றின் முகமே மாறிப்போயிற்று. தெருமுனைகளில் தடுப்புகள், பையைத் திறந்து காட்டும் வரிசைகள், சீருடைக்காரர்கள். முன்பெல்லாம் நாடாளுமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து சூரியன் விழுவதைப் பார்த்திருக்கிறோம் என்று சொன்னால் இப்போது வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 2010 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் அந்த 13 டன் கதவு வழியாக மக்கள் உள்ளே நுழைவதை நிறுத்திவிட்டார்கள். நுழைவது பக்கவாட்டில். வெளியே வர மட்டும் முன்வாசல். ஆடம்ஸ் கட்டடத்தில் கட்டட விதிகளுக்குப் பழைய கதவுகள் ஒத்துவரவில்லை என்று 2013-இல் கண்ணாடிக் கதவுகள் போட்டார்கள். ஒரு நல்ல காரியம், லாரியின் பன்னிரண்டு உருவங்களையும் அப்படியே கண்ணாடியில் வார்த்துப் பதித்தார்கள். வெண்கலக் கதவுகளைப் பழுது பார்த்து, திறந்த நிலையிலேயே மாடங்களில் நிறுத்திவிட்டார்கள். ஆக, இன்றைக்குப் பிரம்மா அங்கே வெண்கலத்திலும் இருக்கிறார், கண்ணாடியிலும் இருக்கிறார். ஜெபர்சன் கட்டடத்துக்கு வருகிறவர்களைக் கீழ்த்தளத்தில், அந்நாளில் குதிரை வண்டிகள் வந்து நின்ற வாசல் வழியாக விடுகிறார்கள். பெரும்பாலோர் மேலே ஏறாமலேயே உள்ளே போய், தங்கமும் வண்ணமுமாக இழைத்த மண்டபத்தைப் படம் பிடித்துக்கொண்டு, கீழ் வழியாகவே வெளியேறிவிடுகிறார்கள்.

நான் வேலை முடிந்து சென்னைக்கே திரும்பிவிட்டேன். மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட தயிர்சாதத்தையும், வெயில் சாயும்போது கதவின் மடிப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்த முகங்களையும், ஒரு டாலர் செலவில்லாமல் படித்த தமிழ்ப் புத்தகங்களையும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். வேறு எந்த ஊரிலும் ஒரு கதவுக்கு முன்னால் நான் இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகிறவர்கள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். நயாகராவும் நியூயார்க்கும் முடிந்ததும் வாஷிங்டனுக்கு ஒரு நாள் ஒதுக்குவார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கிரஸ் நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நேரம் குறித்த அனுமதிச் சீட்டை மட்டும் பிள்ளைகளை விட்டு முன்னதாகவே இணையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தள வரிசையில் போய் நிற்பதற்கு முன், முட்டி ஒத்துழைத்தால் நெப்டியூனைத் தாண்டி மேலே ஏறுங்கள். இடப்பக்கக் கதவின் மேற்புறத்தில் கதை கேட்டுக்கொண்டிருக்கும் ஜோசப்பைப் பாருங்கள். பேரன் பேத்தி கூட இருந்தால் அவர் யார் என்று சொல்லுங்கள். பிறகு பின்பக்கத் தெருவைத் தாண்டி, பிரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவரோடு அதே வாசலில் நிற்கும் செக்வோயாவின் கதையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.